அப்படி யாரும் இல்லீங்க

அந்த மூலையில சின்னதா ஒரு பெருக்கல் குறி தெரியுது பாருங்க தம்பி, அதை அமுக்காதீங்க. அமுக்குனா மூடாது, வேற எங்கியோ கொண்டுபோய் விட்டுரும். ஆங், போயிருச்சு பாத்தீங்களா. இனி அது உங்களை ரம்மி ஆடக் கூப்பிடும். அஞ்சு செகண்ட் பொறுத்திருந்தா அதுவா வழி விட்டிருக்கும். பரவால்ல விடுங்க, எல்லாருக்கும் நடக்கறதுதான்.

ஓசூர் தானுங்களே? நானும் ஓசூர்தான். நல்லதாப் போச்சு. பஸ் இப்பத்தான் சேலம் தாண்டுது, இன்னும் மூணு மணி நேரம் கெடக்குது. காதுல மாட்டறதை அப்பறம் மாட்டிக்குவீங்களாம். உங்களுக்கு உபயோகமான விசயம் ஒண்ணு சொல்றேன்.

எங்க ஊட்டுல போன்ல விளம்பரமே வராதுங்க. ஒண்ணு கூட வராது. எந்த ஆப்பைத் தொறந்தாலும் தொடைச்சு வெச்ச மாதிரி இருக்கும். காசு கட்டியில்லீங்க, மூளையை வெச்சு. நான் ஈரோட்டுல டெலிபோன் எக்சேஞ்சுல முப்பத்தி நாலு வருசம் இருந்தவன். பேரு நாச்சிமுத்து. ரிட்டையர் ஆகி ஆறு வருசம் ஆச்சு, ஆனா கை சும்மா இருக்காது பாருங்க.

இது எப்படி ஆரம்பிச்சுதுன்னா, காலண்டர் ஆப்புலதாங்க. காலையில எந்திரிச்சு நல்ல நேரம் பாக்கலாம்னு தொறப்பேன். மொதல்ல ஒரு பொம்பளை வந்து முடி கொட்டுதான்னு கேப்பா. எனக்குக் கொட்டறதுக்கே ஒண்ணும் இல்லீங்க, நீங்களே பாக்கறீங்கல்ல. அவளை அனுப்புனா ஒருத்தன் லோன் வேணுமாம்பான். அவனையும் அனுப்பிப்போட்டு ராகுகாலம் எப்பன்னு பாக்கறதுக்குள்ள ராகுகாலமே வந்துரும். எனக்குக் கோவம்னா கோவம், அப்படியொரு கோவம்.

அப்ப எம் பொண்ணு நித்யகலா பிரசவத்துக்கு எங்க ஊட்டுக்கு வந்திருந்தா. மாப்பிள்ளை ஓசூர்ல கம்ப்யூட்டர் கம்பெனி. வாரம் ஒருக்கா வந்து கொழந்தையைப் பாத்துட்டுப் போவாரு. நான் போனோட மல்லுக்கட்டறதைப் பாத்துட்டு, ஒரு நாள் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசா ஒரு டப்பா கொண்டாந்தாரு. வைஃபை பெட்டி பக்கத்துல வெச்சு ஒரு வயரைச் சொருகுனாரு. 'மாமா, இனி ஊட்டுல எல்லாப் போனும் இது வழியாத்தான் போகும்'னாரு.

அது என்ன பண்ணுதுங்கறீங்க? சுளுவான வேலைதாங்க. விளம்பரம் எங்கியோ ஒரு எடத்துல உக்காந்திருக்குது. ஆப்பு அதைக் கூப்பிடோணும்னா மொதல்ல அதோட பேரைச் சொல்லி அட்ரஸ் கேக்கோணும். அந்தக் காலத்துல ஒன் நைன் செவனுக்குப் போட்டு நம்பர் கேப்போமில்லீங்க, அதே மாதிரி. இந்த டப்பா நடுவுல உக்காந்துக்கும். கேக்கற பேரு நம்ம லிஸ்ட்ல இருந்தா, 'அப்படி யாரும் இல்லீங்க'ன்னு சொல்லீரும். ஆளே இல்லீன்னா ஆப்பு என்ன பண்ணும்? வாயைப் பொத்திக்கிட்டு இருக்கும். எங்க எக்சேஞ்சுல கூட இவ்வளவு மரியாதையா யாரும் பொய் சொன்னதில்லீங்க.

மாப்பிள்ளை ஒரு லிஸ்ட் போட்டுக் குடுத்துட்டுப் போனாரு. புதுசா வேணும்னா எப்படிச் சேக்கறதுன்னும் காட்டிக் குடுத்தாரு. 'ஆனா மாமா, எதையாவது சேத்தீங்கன்னா எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கங்க'ன்னாரு. நான் சரின்னேன். சின்ன வயசு, அவருக்கு என்ன தெரியும். நான் முப்பத்தி நாலு வருசம் லைன் பாத்தவன்.

அந்த டப்பா ஒரு பட்டியல் எழுதும் பாருங்க தம்பி, அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சுது. எந்தப் போனு, எத்தனை மணிக்கு, யாரைக் கேட்டுது, எத்தனை தடவை கேட்டுதுன்னு எல்லாம் வரும். நான் பேப்பரை நிறுத்திப்போட்டேன். காலையில காப்பியைக் கையில வெச்சுக்கிட்டு அதைத்தான் படிக்கறது. ராத்திரி சோத்துக்கு உக்காரையில, 'வசந்தா, இன்னைக்கு ஆறாயிரத்து நானூறைத் தடுத்திருக்குது'ம்பேன். வசந்தாமணி எங்க ஊட்டுக்காரி. 'அப்படீங்களா'ன்னு சொல்லிப்போட்டு ரசத்தை ஊத்துவா. அவளுக்கு இதுலயெல்லாம் ஆர்வம் பத்தாதுங்க.

எனக்குன்னு ஒரு முறை வெச்சிருந்தேன். எக்சேஞ்சுல இருக்கையில தொந்தரவுக் கால் வருதுன்னு கம்ப்ளைன்ட் வரும். நாங்க அந்த லைனை ஒரு வாரம் கவனிப்போம். எந்த நம்பர் ரொம்பத் தடவை கூப்பிடுதோ அவன்தான் ஆளு. நூத்துக்குத் தொண்ணூறு தடவை சரியா இருக்கும். வேலை இருக்கறவன் ஒரு தடவை கூப்பிடுவான், ரெண்டு தடவை கூப்பிடுவான். நாளைக்கு நூறு தடவை கூப்பிடறவனுக்கு என்னங்க வேலை இருக்கப் போகுது? அதே முறைதான் இங்கயும். தெனமும் காலையில பட்டியல்ல மேல நிக்கறது எது? தூக்கி லிஸ்ட்ல போடு. அடுத்த நாள் எது? அதையும் தூக்கு. எல்லாத்தையும் நோட்டுல தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன். பையில இருக்குது, காட்டறேன் இருங்க. சரி, அப்பறம் காட்டறேன்.

இதே மாதிரிதான் எங்க பென்சன்தாரர் சங்கத்துல சென்னியப்பன்னு ஒரு ஆளு. அவனும் அவன் தம்பியும் காடு தோட்டம் பிரிக்கறதுல சண்டை. ஒரு நாள் எங்கிட்ட வந்து, 'நாச்சிமுத்து, என் தம்பிக்குப் போட்டா ஒரு ரிங் போயிக் கட்டாகுது, என்னன்னு பாரு'ன்னான். பாக்கறதுக்கு என்ன இருக்குது? ஒரே ரிங்ல, ஒவ்வொரு தடவையும் கட்டாகுதுன்னா அந்தப் பக்கம் உங்களைப் பிளாக் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். இது பள்ளிக்கூடத்துக் கொழந்தைக்குக் கூடத் தெரியும். மொகத்துக்கு நேரா சொல்லிப்போட்டேன், 'உந் தம்பி உன்னைத் தூக்கிக் கடாசிட்டான்யா'ன்னு. அவன் ஒத்துக்கவே இல்லீங்க. டவர் சரியில்லை, மழை, காத்துன்னு சாதிக்கறான். மனுசனுக்கு உள்ளதை ஒத்துக்கற பக்குவம் வேணுமில்லீங்களா?

எங்க விட்டேன்? ஆங், கேமரா. அதைச் சொல்லாட்டி உங்களுக்கு மத்தது புரியாது.

கொழந்தைக்கு மூணு மாசம் ஆனதும் நித்யா ஓசூருக்குக் கெளம்பிட்டா. தன்விகான்னு பேரு கொழந்தைக்கு. வசந்தாமணி ரெண்டு நாள் சரியாச் சோறு திங்கலை. பாக்க சகிக்காம நித்யா தொட்டிலுக்கு மேல ஒரு கேமராவை மாட்டிப்போட்டு, அவங்கம்மா போன்ல அதுக்கு ஒரு ஆப்பைப் போட்டுக் குடுத்தா. தொறந்தாக் கொழந்தை தெரியும். தூங்கறது, கொட்டாவி விடறது, காலை ஆட்டறது, எல்லாம். அதுக்கப்பறம் வசந்தாமணிக்கு வேற வேலையே இல்லீங்க. கொழம்புச் சட்டிக்குப் பக்கத்துல போனை நிறுத்தி வெச்சுட்டுத்தான் தாளிக்கறது.

அதோட விட்டாளா? கூப்பிட்டுச் சொல்லீருவா. 'நித்யா, கொழந்தை தலை ஒரு பக்கமாவே கெடக்குது, திருப்பிப் போடு. நித்யா, ஃபேன் வேகமாச் சுத்துது. நித்யா, உங்க மாமியாகிட்டச் சொல்லு, கொசுவலையைப் போடச் சொல்லு.' ஒரு நாள் அந்தப் புள்ள சலிச்சுப் போயி, 'அம்மா, நீ இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு என்னமோ பரீட்சை எழுதற மாதிரி இருக்குதும்மா'ன்னுட்டா. அவ்வளவுதான் சொன்னா, வேற ஒண்ணும் சொல்லல. வசந்தாமணி போனை வெச்சவ மறுக்கா அவளைக் கூப்பிடலை. அது செவ்வாக்கெழமை.

புதன்கெழமை காலையில பட்டியலைப் பாக்கறேன். மேல நின்னதெல்லாம் ஒவ்வொண்ணாப் போனதுல, இப்ப எல்லாத்துக்கும் மேல புதுசா ஒரு பேரு நிக்குது. வாயில நுழையாத பேரு, எந்த நாட்டுக்காரன் வெச்சதோ. ஒரே நாள்ல ஆயிரத்து நூறு தடவை! நான் காப்பியைக் கீழ வெச்சுட்டேன். இவ்வளவு நாளா எனக்குத் தெரியாம இவன் எங்க ஒளிஞ்சிருந்தான்? தூக்கிட்டேன். நோட்டுல சிவப்பு மையில எழுதுனேன்.

உங்களுக்கு இப்பவே தெரிஞ்சு போச்சா? தம்பி கெட்டிக்காரருங்க. எனக்கு எப்படீங்க தெரியும்? பேருல கேமரான்னா எழுதியிருக்குது?

அன்னைக்கு மத்தியானம் வசந்தாமணி வந்து, 'ஏனுங்க, கொழந்தை தெரிய மாட்டீங்குது, என்னமோ இங்கிலீசுல போடுது'ன்னா. நான் பட்டியல் பாத்துக்கிட்டிருந்தேன். ஓசூர்ல கரண்ட் போயிருக்கும்னேன். சாய்ங்காலம் மறுக்கா வந்தா. அவங்க வைஃபை ஆஃப் பண்ணியிருப்பாங்கன்னேன். அடுத்த நாள் வந்து, 'அவதான் நிறுத்திப்போட்டாளா?'ன்னு கேட்டா. நான், 'இருக்கும், இருக்கும்'னேன். ஏதோ கேக்கறா, ஏதோ சொல்றோம். அப்பறம் அவ கேக்கவே இல்லீங்க.

அவ போன்ல நெட்டு போடலீங்களான்னு கேப்பீங்க. ஊட்டுல வைஃபை இருக்கையில தனியா எதுக்குங்க? பேசறதுக்கு மட்டும் போதும்னு நான்தான் ஏற்பாடு பண்ணியிருந்தேன்.

அந்தப் பேரு இருக்குது பாருங்க, அது அடங்கவே இல்லீங்க. பிளாக் பண்ணுனா நாலு நாள்ல ஓஞ்சிரும், மத்ததெல்லாம் அப்படித்தான். இது ஆயிரத்து நூறு இருந்தது ரெண்டாயிரம் ஆச்சு. ரெண்டாயிரத்து முந்நூறு ஆச்சு. விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பிக்கும். மத்தியானம் நான் கண்ணசந்து எந்திரிச்சுப் பாத்தா முந்நூறு தடவை தட்டியிருக்கும். என்னா அழுத்தமான கழுதைன்னு நெனச்சேன். ராத்திரி சோத்துல வசந்தாமணிகிட்டயும் சொன்னேன், 'ஒருத்தன் விடாமத் தட்டறான் வசந்தா, நானும் விடலையே'ன்னு. அவ ரசம் ஊத்துனா. பத்தொம்பது நாள் தம்பி. மொத்தம் முப்பத்தி ஒம்பதாயிரத்துச் சொச்சம். ஒரு தடவை கூட என் டப்பா அசரலை.

ஊடும் அப்படி ஒரு அமைதியாப் போச்சு. அவ ஓசூருக்குக் கூப்பிடறதில்லை, அங்கிருந்தும் வர்றதில்லை. தொட்டில், கொசுவலைன்னு ஒரு பேச்சும் கெடையாது. விளம்பரமும் இல்லை, சத்தமும் இல்லை. நான் மாப்பிள்ளைக்கு மனசுக்குள்ள நன்றி சொன்னேன்.

இப்ப ஒண்ணு சொல்லோணும். எங்க ஊட்டுல ஒரு வழக்கம் இருக்குதுங்க. கொழந்தை மொதத் தடவை தானாக் குப்புற விழுந்துச்சுன்னா அன்னைக்கே கொழுக்கட்டை புடிச்சு அக்கம்பக்கம் குடுக்கோணும். அதை அம்மாயி, அதாங்க அம்மாவைப் பெத்தவ, கையாலதான் புடிக்கோணும். வசந்தாமணி பச்சரிசி மாவை வறுத்து ஒரு தூக்குப்போசில போட்டுத் தயாரா வெச்சிருந்தா. கேமராவுல கண்ணால பாத்த அடுத்த நிமிசம் பஸ் ஏறீரோணும்னு அவளுக்கு. நாலு மாசம் முடிஞ்சு அஞ்சு நடக்குது, இன்னைக்கோ நாளைக்கோன்னு இருந்தவ.

கொழந்தை விழுந்துருச்சுங்க. நான் அந்தப் பேரைத் தூக்குனதுக்கு அடுத்த வாரமே. நித்யா கேமராவை அண்ணாந்து பாத்துக் கையத் தட்டிச் சிரிச்சாளாம். அம்மா இதா இப்பக் கூப்பிடுவா, இதா இப்பக் கூப்பிடுவான்னு போனைக் கையிலயே வெச்சிருந்தாளாம். அம்மா கூப்பிடலை. அன்னைக்குப் பூராக் கூப்பிடலை. பரீட்சைன்னு ஒரு கோவத்துல சொன்னதுக்கு இவ்வளவு வீம்பான்னு அந்தப் புள்ளையும் வாயைத் தொறக்கலை. ரெண்டும் ஒரே வார்ப்பு.

எங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா, பவானியில ஒரு கல்யாணம். பந்தியில உக்காந்திருக்கோம். எங்க ஒறம்பரை, சொந்தக்காரி ஒருத்தி எல்லார் முன்னாலயும், 'என்ன வசந்தா, பேத்தி குப்புற விழுந்துட்டாளாமா, நித்யா ஸ்டேட்டஸ்ல பாத்தேன், கொழுக்கட்டை கண்ணுலயே காட்டலை'ன்னு கேட்டா. ஸ்டேட்டஸெல்லாம் பாக்கத் தெரியாத வசந்தாமணி சிரிச்சாளுங்க. 'ஆமா, ஆமா, அன்னைக்கே பாத்துட்டேன், மேலுக்கு முடியலை, அதான்'னா. எலையில வெச்சது வெச்சபடியே இருந்துச்சு. ஊட்டுக்கு வந்து அந்தத் தூக்குப்போசியை மடியில வெச்சுக்கிட்டு அழுதா பாருங்க, எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு. மாவுல வண்டு உழுந்திருந்துச்சு.

நான் அவளுக்காகத்தான் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். 'என்ன மாப்பிள்ளை, கேமராவை நிறுத்திப்போட்டீங்களாமா, பெரியவங்க மனசு நோகும்ல'ன்னு சத்தமாவே கேட்டேன். அவரு, 'மாமா, டப்பாவுல புதுசா ஏதாச்சும் சேத்தீங்களா?'ன்னாரு. நான் நோட்டை எடுத்து வாசிச்சேன். சிவப்பு மையில இருக்கறதை வாசிச்சதும், 'அதுதான் மாமா கேமரா'ன்னாரு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். அது என் தப்புதான், ஸ்பீக்கர்ல போட்டிருக்கக் கூடாது.

நான் அப்பவே எடுத்துட்டேங்க! ஒரு நிமிச வேலை. லிஸ்ட்லருந்து தூக்கிப்போட்டு, 'இந்தா வசந்தா, தெரியுது பாரு'ன்னு போனை நீட்டுனேன். வேற ஆம்பளைன்னா இவ்வளவு சீக்கிரம் சரி பண்ணியிருப்பானா, சொல்லுங்க? அவ வாங்கவே இல்லை.

'தெனமும் எண்ணி எண்ணிப் பாத்தீங்களே. அது யாரு தட்டறா, எதுக்குத் தட்டறான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?'ன்னா. 'தட்டுனது நானுங்க. இதே ஊட்டுக்குள்ள, உங்களுக்கு எதுத்தாப்பல உக்காந்துதான் தட்டுனேன்'னா.

ஒவ்வொண்ணையும் கூப்பிட்டு வெச்சு விசாரிச்சுத் தடுக்கறதுக்கு இது என்ன பஞ்சாயத்தா? முறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா. அதைத்தான் பொறுமையா ஒரு மணி நேரம் வெளக்கிச் சொன்னேன். எக்சேஞ்சு கதையெல்லாம் சொன்னேன். அவ நடுவுல எந்திரிச்சுப் போயிப் புது மாவு வறுக்க ஆரம்பிச்சா. விடியக்காலம் எந்திரிச்சுப் பாத்தா ஆளைக் காணோம், தூக்குப்போசியையும் காணோம். பதினோரு நாள் ஆச்சு.

இப்பக் காலையில பட்டியலைப் பாத்தா நூத்தம்பது கூடத் தேற மாட்டீங்குதுங்க. எல்லாம் எம் போனுதான். அந்தச் சிவப்பு மைப் பேரு இருக்குதில்லீங்க, அதை நான் தெனமும் தேடிப் பாக்கறேன். இப்பத்தான் வழி விட்டாச்சே, தாராளமாப் போகலாமே. ஒரு தடவை கூட யாரும் கேக்கலை. பூஜ்யம், பூஜ்யம்னு வருது. அதைப் பாத்துக்கிட்டுக் காப்பி குடிக்க முடியறதில்லீங்க.

சரி, நேர்லயே போயிக் கூட்டிட்டு வந்துரலாம்னு கெளம்பிட்டேன். வெறுங்கையோட போகக் கூடாதுல்ல? இங்க பாருங்க, இன்னொரு டப்பா. புதுசு. நித்யா ஊட்டுல வெச்சுக் குடுத்துட்டு வரலாம்னு வாங்கிட்டுப் போறேன். அங்க எந்தப் போனைத் தொறந்தாலும் விளம்பரமாக் கொட்டுது, பாவம். நாலு நாள் கூட இருந்து லிஸ்ட் எல்லாம் சரி பண்ணிக் குடுத்துட்டா அவங்களுக்கும் நிம்மதி.

வர்றேன்னு சொல்லலாம்னுதான் காலையிலருந்து வசந்தாமணிக்குப் போட்டுக்கிட்டே இருக்கேன். ஒரு ரிங் போகுது, கட்டாகுது. மறுக்காப் போட்டாலும் ஒரு ரிங், கட்டு. நேத்தும் அப்படித்தான். பத்து நாளா அப்படித்தான். ஓசூர்ல டவர் சரியில்லீங்க. மேடு பள்ளமான ஊரு பாருங்க, சிக்னல் தடுக்கும். நான் முப்பத்தி நாலு வருசம் லைன் பாத்தவன், எனக்குத் தெரியாதா.

ஏனுங்க தம்பி அப்படிப் பாக்கறீங்க? சென்னியப்பன் கதை வேறங்க. அது காட்டுச் சண்டை.

உங்க போனை ஒரு நிமிசம் குடுங்களேன். ஒரே ஒரு கால். நம்பர் மனப்பாடமா இருக்குது. ஸ்பீக்கர்ல வேண்டாம், நான் காதுலயே வெச்சுக்கறேன்.

போகுதுங்க. ரிங் போகுது. ரெண்டு. மூணு...

...

இந்தாங்க, ரொம்ப நன்றி தம்பி. எடுத்தாளுங்க. 'அலோ'ன்னா. நல்லாக் கேட்டுது, பக்கத்துல இருக்கற மாதிரி. கொழந்தை ஆ ஊன்னு கத்துது, பாத்திரச் சத்தம் கேக்குது. 'அலோ, யாருங்க?'ன்னா. ரெண்டு தடவை கேட்டா. பின்னாலருந்து நித்யா, 'யாரும்மா அது?'ன்னா. இவ, 'யாருமில்ல கண்ணு'ன்னு சொல்லிப்போட்டு வெச்சுட்டா.

ஒண்ணுமில்லீங்க, காத்து. ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க. கண்ணுல தூசி உழுகுது.

நான் ஏன் பேசலைன்னா கேக்கறீங்க? பேசியிருந்தா நாந்தான்னு தெரிஞ்சிருக்குமேங்க. அப்பறம் உங்க நம்பரும் போயிருமில்ல.